பலகை இருக்கு, வா

உயரம் என்றால் எனக்குச் சிறுவயதிலிருந்தே பயம். நீங்கள் சிரிக்கலாம் ஐயா, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். குடியாத்தத்தில் எங்கள் வீட்டார் அத்தனை பேரும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தே பிழைத்தவர்கள். ஏறுகிற வேலை எங்கள் பரம்பரையில் கிடையாது. தெருப் பிள்ளைகள் புளியமரம் ஏறும்போது நான் கீழே நின்று எந்தக் கிளை தாங்கும், எந்தக் கிளை தாங்காது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் பேச்சைக் கேட்டவன் ஒருவனும் விழுந்ததில்லை.

பெயர் செங்கல்வராயன். வயது ஐம்பத்திரண்டு. ரைட்டர் மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆம்பூர் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருக்கிற ரஷீத் அஹமது சாயபுவின் தோல் கம்பெனியில் மேஸ்திரி. போன ஐப்பசியில் அங்கே தேவசகாயம் என்ற ஆள் உயரத்திலிருந்து விழுந்து செத்துப்போனதாக உங்கள் ஸ்டேஷனில் ஒரு காகிதம் இருக்கிறது. நீங்கள் விசாரித்து எழுதியதுதான். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

தோல் காயப்போடும் கொட்டகையை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. வாசல்வரை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, பழகாத மூக்கு. பதனிடுவதற்காக ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய எருமைத் தோலை வெயிலில் போட்டால் கெட்டுவிடும். நிழலில், காற்றில் காய வேண்டும். அதனால்தான் கொட்டகை அவ்வளவு உயரம். நான்கு ஆள் உயரத்தில் குறுக்கே உத்தரங்கள். உத்தரத்துக்கு உத்தரம் ஒரு பலகை, ஒரு முழ அகலம்கூட இருக்காது. ஏறியவன் அதன்மேல் நின்று, கீழிருந்து கயிற்றில் வரும் ஈரத்தோலைத் தோளில் வாங்கி, எதிரே இருக்கிற மூங்கில் கழியில் விரித்துப் போடுவான். ஒரு வரிசை முடிந்ததும் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்து அடுத்த பலகைக்குப் போவான். முன்னால் காலியான பலகையை இன்னொருவன் உருவி எடுத்து, சுற்றிக்கொண்டு போய், ஏணியில் ஏறி அவனுக்குப் பின்னால் போடுவான். இப்படியே கொட்டகை முழுக்கப் பின்பக்கமாகவே போக வேண்டும். சுற்றிலும் தோல், தோளிலும் தோல். திரும்பிப் பார்க்க வழியே இல்லை. கீழே கருங்கல் தளம்.

நான் வருவதற்கு முன்னால் அவர்கள் காலால் துழாவிக்கொண்டே பின்னால் போனார்கள். ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் பலகையைத் தேடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தோல் ஒரு பக்கம் வழுக்கினால் ஆளும் அந்தப் பக்கமே போய்விடுவான். வருஷத்துக்கு ஒருவராவது விழுந்தார்கள். சாயபு நல்ல மனிதர், ஒவ்வொரு தடவையும் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். முதலாளி பட்டினி கிடந்தால் விழுவது நின்றுவிடுமா? நான்தான் அங்கே ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தேன்.

ஏறுமுன் காலைக் கழுவி அடுப்புச் சாம்பலில் தேய்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் இடத்தில் எல்லோர் காலிலும் தோலுக்குத் தடவுகிற புங்கெண்ணெய். காய்ச்சல்காரன் ஏறக் கூடாது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனும் ஏறக் கூடாது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன், என்னிடம் யாரும் மறைக்க முடியாது. மேலே பாட்டுக் கூடாது. முக்கியமானது இதுதான்: பின்னால் காலெடுத்து வைக்குமுன் மேலே இருப்பவன் ‘பலகை?’ என்று கேட்க வேண்டும். கீழே நின்று பார்க்கிற நான் ‘இருக்கு, வா’ என்றால் வரலாம். ‘நில்லு’ என்றால் நிற்க வேண்டும். காலால் தேடவே கூடாது. அந்த நேரத்தில் என்னைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு குரல் கேட்டால் மேலே இருப்பவன் எதைத்தான் நம்புவான்?

இந்த ஒழுங்கு வந்து ஆறு வருஷம் ஆயிற்று. ஒருவரும் விழவில்லை. வாணியம்பாடியிலிருந்து மற்ற முதலாளிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தையில் பெண்கள் என்னைக் காட்டி, “இவருதான் நம்ம வூட்டு ஆம்பிளைங்கள பத்திரமா எறக்கி வுடுறவரு” என்பார்கள். தோல் வேலைக்குப் போனேன் என்று என் சொந்தக்காரர்கள் முதலில் என்னைப் பந்தியில் தள்ளி உட்கார வைத்தார்கள், பிறகு பந்திக்கே கூப்பிடவில்லை. எனக்கு வீடும் ஊரும் அந்தக் கொட்டகைதான். நான் கீழே நின்று ஒரு சொல் சொன்னால் நாலு உயிர் நகரும், ஒரு சொல் சொன்னால் நிற்கும். அந்த மரியாதையைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

தேவசகாயத்தைப் பழக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. முப்பது வயதுக்காரன், நல்ல வேலைக்காரன். ஆனால் அவன் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. நான் ‘இருக்கு, வா’ என்று சொன்ன பிறகும் தானாகவே போய்த் துழாவும். ஒரு நாள் கீழே இறக்கிக் கேட்டேன்.

“இன்னா பண்றது மேஸ்திரி, காலு தானா போவுது. அதுக்கு உயிர் மேல ஆச ஜாஸ்தி.”

“உன் காலுக்குக் கண்ணு இல்ல. எனக்கு இருக்குது” என்றேன்.

தரையில் பலகைகளைப் போட்டு, துண்டால் அவன் கண்ணைக் கட்டி, தினமும் சாயங்காலம் பின்பக்கமாக நடக்க வைத்தேன். ஐந்து மாதம் அப்படி. ஒரு நாள் கால் துழாவுவதை நிறுத்திவிட்டது. நான் ‘வா’ என்றதும் யோசிக்காமல் முழுப் பாதத்தையும் வைத்தான். அன்று எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அதன் பிறகு அவனைப்போல வேலைக்காரன் கிடையாது. மற்றவர்கள் ‘பலகை?’ என்று மட்டும் கேட்பார்கள். அவன் மேலே இருந்துகொண்டு, “பலகையா, பரலோகமா மேஸ்திரி?” என்பான். வேடிக்கைப் பேச்சுக் கூடாது என்பதுதான் ஒழுங்கு, ஆனாலும் அவனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன். எல்லோரும் பார்க்க அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? அவன்மேல் எனக்குப் பகை எதுவும் இருந்ததில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

போன புரட்டாசிக் கடைசியில் அவன் பள்ளிகொண்டாவுக்கு மாமனார் வீட்டுக்குப் போனான். அங்கே கோயில் வேலைக்குச் சாரம் கட்டியிருந்ததைத் தெருவிலிருந்து பார்த்தானாம். திரும்பி வந்த அன்றே சாயபுவிடம் போனான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“பலகையே வாணாம் சாயபு. உத்தரத்துக்கு உத்தரம் மூங்கில் தட்டி அடிச்சுடலாம். ரெண்டு பக்கமும் இடுப்பு ஒசரத்துக்குக் கயிறு. கண்ண மூடிக்கினு நடக்கலாம்.”

“செலவு ஜாஸ்தி ஆவுமே.”

“ஆலங்காயத்து மூங்கில் கம்மி வெலதான். கட்டுற வேலய நாங்களே பாத்துக்கறோம். எப்படிக் கட்டறதுன்னு நான் பாத்து வெச்சிருக்கேன்.”

சாயபு என்னைத் திரும்பிப் பார்த்தார். “மேஸ்திரி, நீங்க இன்னா சொல்றீங்க?”

நல்ல யோசனை என்று சொன்னேன். நல்ல யோசனைதான் ஐயா. இரண்டு நாள் அதில் ஏதாவது குறை அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாம் நாள் தேவசகாயம் கை கழுவுகிற இடத்தில் என்னிடம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “இத்தினி வருசமா கத்திக் கத்தி உங்க தொண்ட போய்ட்டுது மேஸ்திரி. இனிமே உங்களுக்கு ஒரு பேஜாரும் இல்ல. உங்கள கேட்டாண்ட நாற்காலி போட்டு உக்கார வெக்கச் சொல்லி சாயபுகிட்ட சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு.”

எனக்காக அவன் சிபாரிசு செய்திருந்தான். எனக்கு வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. அவன் நான் சந்தோஷப்படுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் சிரித்து வைத்தேன்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பத்து நாள் நிதானமாக யோசித்தேன். தட்டியும் கயிறும் வந்தால் கவனம் போய்விடும். மேலே நின்று பாடுவார்கள், அரட்டை அடிப்பார்கள், சாம்பலில் கால் தேய்க்க மாட்டார்கள். கயிறு என்றைக்காவது இற்றுப்போகும். அப்போது விழுகிறவர்களுக்கு யார் பொறுப்பு? கட்டும் விதம் தேவசகாயம் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் இல்லை என்றால் மூங்கில் அப்படியே கிடந்து மக்கும், பழைய ஒழுங்கு நிலைக்கும். ஒருவன் போனாலும் மற்றவர்கள் வருஷக்கணக்கில் பத்திரமாக இருப்பார்கள். அவர்களுடைய நன்மையைத்தான் நான் முதலில் நினைத்தேன். அவன் கேட்காமலே காலெடுத்து வைத்தான் என்று சொல்லிவிடுவதாகவும் முடிவு செய்துகொண்டேன். அப்படிச் சொன்னால் மற்றவர்களுக்கும் ஒரு பாடமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மூங்கில் வண்டிகள் வந்து இறக்கின. திங்கட்கிழமை கட்ட ஆரம்பிப்பதாகப் பேச்சு. நடுவில் சனிக்கிழமை ஒரு நாள்தான் பலகையில் வேலை.

காலை பத்து மணி இருக்கும். நான்கு பேர் ஏறினார்கள். தேவசகாயம் கடைசி ஓரத்து வரிசை. ஏறுமுன் மறக்காமல் காலைச் சாம்பலில் தேய்த்தான், இரண்டு காலையும். அவன் பக்கத்துக்குப் பலகை மாற்றிப் போடுகிறவன் காசிநாதன். நான் வழக்கமான இடத்தில் நின்றேன். கொட்டகையில் ஈரத்தோலிலிருந்து சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. மற்ற மூவரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள், பதில் சொன்னேன். தேவசகாயம் ஏழு தடவை கேட்டான். ஏழு தடவையும் சரியாகவே சொன்னேன். இரண்டு தடவை ‘நில்லு’, ஐந்து தடவை ‘இருக்கு, வா’. இப்போதுகூட விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது.

எட்டாவது தடவை. காசிநாதன் முன்பலகையை உருவி எடுத்துக்கொண்டு சுற்றி வந்து பின்னால் இருந்த ஏணியில் கால் வைத்திருந்தான். பலகை அவன் தோளில் இருந்தது. தேவசகாயத்துக்குப் பின்னால் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை. அந்தச் சந்து வழியாக எனக்கு மேலே ஓடு தெரிந்தது. ஓர் ஓட்டில் விரிசல் இருந்தது, அதுகூடத் தெரிந்தது.

“மேஸ்திரி?” என்று மேலிருந்து குரல் வந்தது. அந்தத் தடவை அவன் பலகை என்றுகூடக் கேட்கவில்லை.

காசிநாதன் ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்தான். நான் ‘நில்லு’ சொல்வேன் என்று காத்திருந்தான்.

“இருக்கு, வா” என்றேன். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

காசிநாதன் வாயைத் திறந்தான். ஆனால் சத்தம் வரவில்லை. ஆறு வருஷப் பழக்கம், என்னைத் தவிர யாரும் பேசக் கூடாது. ஒரு மூச்சு நேரம் அவன் தயங்கினான். தேவசகாயத்தின் கால் துழாவவில்லை. சொந்த வீட்டுப் படியில் இறங்குகிற மாதிரி முழுப் பாதத்தையும் வைத்தான்.

கத்தவில்லை. தோலும் அவனும் சேர்ந்து வந்தார்கள். அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம். அவன் மனைவிக்கு யாராவது வாசித்துக் காட்டக்கூடும்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண் திறந்திருந்தது. என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். “மேஸ்திரி... அங்க பலகை இல்ல. மத்தவங்கள நிறுத்துங்க” என்றான். அவ்வளவுதான் பேசினான்.

என்னைச் சந்தேகப்படவே அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது, நான் பழக்கிய ஆள் சாகும்போதும் ஒழுங்கை மறக்கவில்லையே என்று. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே மூன்று பேர் தோலுக்கு நடுவே நின்றுகொண்டு, என்ன விழுந்தது என்று தெரியாமல் அலறினார்கள். “யாரும் அசையாதீங்க” என்றேன். அசையவில்லை. காசிநாதன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான், அதட்டி எழுப்பிப் பலகையைப் போடச் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராக, ‘நில்லு’, ‘இருக்கு, வா’ என்று சொல்லிச் சொல்லி ஏணிவரை கொண்டுவந்து இறக்கினேன். மூவரும் என் குரலை நம்பித்தான் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

மறுநாள் நீங்கள் வந்து கேட்டீர்கள். அவன் கேட்காமல் நடந்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. தேவசகாயம் ஒழுங்கை மீறினான் என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவன் கேட்டான், நான் வா என்றேன், வந்தான் என்றேன். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. காசிநாதன் அழுதுகொண்டே சொன்னான், “மேஸ்திரிக்கு வயசாய்டுச்சுங்க, கண்ணு மங்கிப்போச்சு. பாவம், அவரு வேணும்னே செய்வாரா?” நீங்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். பார்வைக் குறைவால் ஏற்பட்ட கவனக்குறைவு.

சாயபு என்னை வேலூருக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கித் தந்தார். இதோ, மேஜைமேல் வைக்கிறேன். போட்டால் தூரத்தில் இருப்பது எனக்கு மங்குகிறது. போடாவிட்டால் உங்களுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் பொடி எழுத்துக்கூடத் தெரிகிறது. வாசிக்கட்டுமா?

மூங்கில் மக்கிப்போகும் என்று நினைத்தேன் அல்லவா, அது தப்பாகிவிட்டது. எப்படிக் கட்டுவது என்று தேவசகாயம் கொட்டகையின் பின்சுவரில், நான் போகாத பக்கமாக, கரியால் வரைந்து வைத்திருந்தான். அதைப் பார்த்துக் காசிநாதனும் மற்றவர்களும் பன்னிரண்டு நாளில் தட்டி அடித்துக் கயிறும் கட்டிவிட்டார்கள். இப்போது மேலே பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறார்கள். இரண்டு மாதமாக ஒருவரும் விழவில்லை. நான் கேட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்கிறேன். தாண்டிப் போகிறவர்கள், “பாவம் மேஸ்திரி” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு போகிறார்கள். எனக்குக் காதும் நன்றாகக் கேட்கும்.

தேவசகாயத்தின் மனைவி சவுரியம்மாளுக்குச் சாயபு பட்டை இடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார். தினமும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போன வாரம் என் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

“மேஸ்திரி ஐயா, நீங்க ஒடம்ப கெடுத்துக்கறீங்கன்னு சொல்றாங்க. மனசுல வெச்சுக்காதீங்க. கண்ணு தவறுறது மனுசனுக்கு நடக்கறதுதான். எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. அவருகூட உங்களப்பத்தி எப்பவும் நல்லதாத்தான் சொல்லுவாரு.”

“என் கண்ணு தவறலம்மா” என்றேன்.

அவளுக்கு அது விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மறுநாள் எனக்கென்று ஒரு தூக்கில் கூழும் துவையலும் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கு மறுநாளும் வைத்தாள். இதைத்தான் ஐயா என்னால் தாங்க முடியவில்லை. கைதேர்ந்த ஆளைக் கண் மங்கியவன் என்று முடிவுகட்டி, அதற்காக மன்னித்துச் சோறும் போடுவது எந்த ஊர் நியாயம்?

மனசு உறுத்தி வந்தேன் என்று ரைட்டர் எழுதுகிறார் போலிருக்கிறது, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். தூக்குத் தண்டனை வரலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்துதான் வந்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் என் குரலை நம்பி ஆயிரம் ஆயிரம் தடவை காலெடுத்து வைத்திருக்கிறார்கள். தவறி விழுந்தவர் ஒருவரும் இல்லை. தேவசகாயமும் தவறி விழவில்லை, நான்தான் விழ வைத்தேன். பலகை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, மனசில் உறுதி செய்துகொண்டு, வா என்று சொன்னேன். இந்த வித்தியாசம் சாயபுவுக்கும் காசிநாதனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டும். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கவனக்குறைவு என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இருக்கக் கூடாது.